துத்தநாக முலாமில் குறை: பூச்சை உரிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலமா, கந்தக அமிலமா, காஸ்டிக்கா, பிளாஸ்டிங்கா?

துத்தநாக முலாம் பூசிய எஃகு உதிரிபாகங்களில் கொப்புளமோ, உரிதலோ, குழியோ, வெண்கறையோ தென்பட்டால், பூச்சை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி பூசுவதே பட்டறைகளின் வழக்கம். எதைக் கொண்டு எடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பூசுவதற்கு முன் எஃகின் துருவை எடுக்கும் அமிலத் தொட்டியான பிக்ளிங் தொட்டி கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதால், திரும்பி வந்த சரக்கு பெரும்பாலும் எந்த யோசனையும் இல்லாமல் அதற்குள்தான் இறங்குகிறது. துத்தநாகம் சில நிமிடங்களில் கரைந்துவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் துத்தநாகத்தைக் கரைத்த அதே அமிலம் அதற்கு அடியில் இருக்கும் எஃகையும் அரிக்கிறது. கரும்படிவு, நுண்குழி, எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் ஆகிய புதிய குறைகளை அது சேர்த்துவிட, இரண்டாம் முறை பூசிய பிறகு தெரியும் கொப்புளத்தை முதல் குறையே திரும்பிவிட்டதாக எண்ணி, முலாம் கரைசலில் காரணம் தேடத் தொடங்குகிறோம்.

அதனால், எது விரைவாக உரிக்கும் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. எஃகு எவ்வளவு கடினமானது, பாகத்தின் வடிவம் என்ன, குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், ஹைட்ரோகுளோரிக் அமிலம், கந்தக அமிலம், காஸ்டிக் சோடாக் கரைசல், துகள் வீசிச் சுரண்டும் பிளாஸ்டிங் ஆகிய நான்கு வழிகளில் இரண்டோ மூன்றோ தாமாகவே விலகிவிடும். இங்கே சொல்லப்படுவது அனைத்தும் எஃகு, வார்ப்பிரும்பு ஆகியவற்றின் மேல் பூசிய துத்தநாகத்துக்கு மட்டுமே பொருந்தும். துத்தநாக டை காஸ்டிங்கும் அலுமினியமும் அமிலத்திலும் கரையும், காஸ்டிக்கிலும் கரையும். அவற்றுக்கு இந்த வழிகள் உதவா.

## முதலில்: குறை எந்த அடுக்கில் இருக்கிறது?

எல்லாக் குறைக்கும் உரிப்பு தேவையில்லை. பாசிவேஷனுக்கு (துத்தநாகத்தைக் காக்க அதன் மேல் மெல்லிய படலம் ஏற்றுவது) பிறகு பூச்சு மங்கலாகவோ, பால் படர்ந்ததுபோலவோ தெரிந்தால், பெரும்பாலும் துத்தநாகத்தில் குற்றம் இருக்காது. மேலே உள்ள குரோமேட் படலத்தில்தான் இருக்கும். அந்தப் படலத்தை நீர்த்த அமிலத்தில் சில விநாடிகள் காட்டி எடுத்துவிட்டு, அரை சதவீத நைட்ரிக் அமிலத்தில் முக்கித் துலக்கி, மறுபடி பாசிவேஷன் கொடுத்தாலே போதும். பூச்சின் கனம் வரைபடத்தில் கேட்ட அளவுக்குக் கீழே போய்விடவில்லையா என்று காந்த அளவியால் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்நோக்கிப் படுத்திருந்த பரப்புகளில் மட்டும் சொரசொரப்பு இருந்தால், முலாம் கரைசலில் மிதக்கும் தூசோ இரும்பு ஹைட்ராக்சைடோ படிந்திருக்கிறது என்று பொருள். வடிகட்டியைச் சரிசெய்யாமல் எதைக் கொண்டு உரித்தாலும் அடுத்த முறையும் அதே சொரசொரப்பு வரும். ஓரங்களில் கருகியிருந்தால் மின்னோட்டமும் ரேக்கில் பாகங்களைத் தொங்கவிட்ட விதமும் பார்க்கப்பட வேண்டியவை.

கொப்புளமும் உரிதலும்தான் உரிப்பைக் கட்டாயமாக்கும் குறைகள். இவற்றில் நேரம் செலவிட்டுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கொப்புளத்தைக் கத்தி முனையால் தூக்கி, பெயர்ந்த துத்தநாகத் தகட்டின் அடிப்பக்கத்தையும் அது இருந்த எஃகுப் பரப்பையும் நல்ல வெளிச்சத்தில் பத்து மடங்கு உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் கறுத்திருந்தால், முன்பு பிக்ளிங் செய்தபோது விட்டுப்போன கரும்படிவின் மேல் முலாம் ஏறியிருக்கிறது. செம்பு நிறம் தெரிந்தால், அமிலத் தொட்டியில் செம்பு கலந்திருக்கிறது. பித்தளைப் பாகமோ செம்புக் கொக்கியோ தொட்டியில் விழுந்து கரைந்து, அந்தச் செம்பு எஃகின் மேல் ஒட்டாத மென்படலமாகப் படிந்திருக்கிறது. இரு பக்கமும் சுத்தமாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ஐயம் கொள்ள வேண்டும். துத்தநாகத்தின் அடியிலும் துத்தநாகமே ஒட்டியிருக்குமானால், பூசும்போது நடுவில் மின்னோட்டம் அறுந்து, மறுபடி தொடங்கியிருக்கிறது.

குழிகளும் அப்படித்தான். துத்தநாகத்தில் மட்டும் இருக்கும் குழி முலாம் கரைசலின் குறை; எஃகிலேயே இருக்கும் குழி பழைய துருவின் அல்லது மிகையான பிக்ளிங்கின் தழும்பு. மொத்தச் சரக்கையும் இறக்குவதற்கு முன் ஐந்தாறு பாகங்களை மட்டும் உரித்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். எஃகில் இருக்கும் குழியை எந்த அமிலமும் நிரப்பாது, ஆழமாக்கத்தான் செய்யும்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல் எஃகின் கடினம். துத்தநாகம் அமிலத்தில் கரையும்போது எழும் ஹைட்ரஜன் முழுவதும் குமிழியாக வெளியேறிவிடுவதில்லை. எஃகு வெளிப்பட்ட இடங்களில், மீதமுள்ள துத்தநாகம் கரையக் கரைய, எஃகு எதிர்மின்வாயாக மாறி, ஹைட்ரஜன் அணுக்கள் அதன் உள்ளே புகுகின்றன. மென்மையான எஃகுக்கு இதனால் பெரிய தீங்கில்லை. கடினமான எஃகோ, முறுக்கிப் பூட்டிய சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ எந்த முன்னறிவிப்பும் இன்றி முறியக்கூடும். ஹைட்ரஜன் நொறுமை என்பது இதுதான். போல்ட்டுகளின் வலிமையைக் குறிக்கும் தர எண்களில், 8.8 தரத்தின் கடினம் சுமார் 250 முதல் 335 விக்கர்ஸ் (கடினத்தின் அளவு) வரை, 10.9 தரம் 320 முதல் 380 வரை, 12.9 தரம் 385 முதல் 435 வரை. இணைப்பான்களின் மின்முலாமுக்கான ஐஎஸ்ஓ 4042 தரநிலையின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு 390 விக்கர்ஸை எல்லையாகக் கொள்கிறது. ஆயினும் பல வாடிக்கையாளர்களின் பழைய வரைபடங்கள் 320 விக்கர்ஸுக்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை கேட்கின்றன. அங்கே வரைபடம் சொல்வதே இறுதி. சுருள்வில், ஸ்பிரிங் வாஷர், மேற்பரப்பு கடினமாக்கிய திருகு ஆகியவற்றையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வடிவம். குழாய், மடித்த தகட்டின் இடுக்கு, புள்ளி வெல்டிங்கில் இணைந்த இரு தகடுகளின் நடுவே உள்ள சந்து ஆகியவற்றில் நுழைந்த கரைசல் எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் வெளியேறாது. மூன்றாவது அடிப்பரப்பின் நேர்த்தியும் அளவும். மரைகளிலும் பொருத்தப் பரப்புகளிலும் சில மைக்ரான் இழப்பே சரக்கை நிராகரிக்க வைக்கும். நான்காவது உலோகத்தின் உட்சேர்க்கை: வார்ப்பிரும்பும், உயர்கார்பன் எஃகும், ஈயம் கலந்த கடைசல் எஃகும் அமிலத்தில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஐந்தாவது கழிவு. ரசாயனத்தின் விலையை நான் வேண்டுமென்றே இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஏன் என்பது கழிவுக் கணக்கில் தெரியும்.

## ஹைட்ரோகுளோரிக் அமிலம்

அறை வெப்பநிலையிலேயே வேலை செய்வது இதன் பெரிய பலம். சந்தையில் 30 முதல் 33 சதவீதம் வரை கிடைக்கும் அமிலத்தைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்தால் கிடைக்கும் 15, 16 சதவீதக் கரைசல், வழக்கமான 8 மைக்ரான் துத்தநாகத்தைச் சில நிமிடங்களுக்குள் எடுத்துவிடும். குமிழி பொங்குவது சட்டென்று அடங்கும் கணமே துத்தநாகம் முடிந்த கணம். அந்தக் கணத்தில் வெளியே எடுக்கும் பழக்கமுள்ள ஆள் தொட்டியருகே நின்றால், எஃகுக்கு அதிகச் சேதம் வராது. துளையிட்ட உருளையான பேரலில் ஏற்றிச் சுழற்றும் சிறு பாகங்களுக்கும் இது எளிது. பூச்சுக்கு அடியில் துரு இருந்தால் அதையும் இதுவே எடுத்துவிடும். மற்ற மூன்றில் அறை வெப்பநிலையிலேயே, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்காமல், இவ்விரு வேலைகளையும் விரைந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை.

இதன் குறைகள் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்க்காமையால் வருபவை. துத்தநாகம் முடிந்த பிறகும் பாகம் அமிலத்தில் கிடந்தால் எஃகு கரைகிறது. அதிலுள்ள கார்பன் கரையாமல் மேற்பரப்பில் கரும்படிவாகத் தங்குகிறது. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் கறை துணியில் ஒட்டும். அதன் மேல் ஏறிய முலாம் வளைத்துப் பார்க்கும் சோதனையில் உரிந்துவிடும். ஹெக்சமின் போன்ற தடுப்பான்களைச் சேர்த்தால் எஃகு கரைவது குறையும். ஆனால் தடுப்பான் எஃகின் மேல் ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறது என்பதால், அந்தப் படலத்தை நேர்மின்வாய் எலக்ட்ரோகிளீனரில் (மின்னோட்டத்தால் சுத்தம் செய்யும் காரத் தொட்டி) அகற்றாமல் முலாம் தொட்டிக்குக் கொண்டுபோனால் அதுவே ஒட்டாமைக்குக் காரணமாகும். தடுப்பான் போட்டிருக்கிறோம் என்ற துணிவில் கடின எஃகை இதில் இறக்கிவிட்டு, அடுப்பில் சூடாக்கும் படியை விட்டுவிடுவதும் தவறு.

இடுக்குள்ள பாகங்களில் குளோரைடு எச்சம் மிகவும் பொல்லாதது. முலாம் பூசி, பாசிவேஷன் முடிந்து, பெட்டியில் அடுக்கிய பிறகு சந்துகளிலிருந்து வெள்ளைப் பொடியாக வழிவது பெரும்பாலும் இப்படி உள்ளே தங்கிப்போன கரைசல்தான்.

மறைமுகச் செலவுகளில் முதன்மையானது புகை. கூரைத் தகடும், முலாமுக்கு நேர்மின்னோட்டம் தரும் ரெக்டிஃபையரும், மின் பலகைகளும், பக்கத்தில் அடுக்கிய பளபளப்பான எஃகுச் சரக்கும் துருப்பிடிப்பதற்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. தொட்டியருகே நிற்பவரின் தொண்டைக்கும் பற்களுக்கும் யாரும் கணக்கு எழுதுவதில்லை. இரண்டாவது, உரிக்கும் தொட்டியும் முலாமுக்கு முந்தைய பிக்ளிங் தொட்டியும் ஒன்றாகவே இருப்பது. உரித்த சரக்கின் துத்தநாகமும், குரோமியமும், ரேக் முனைகளின் செம்பும் அதில் சேர்ந்து, நல்ல புதுச் சரக்கையும் கெடுக்கின்றன. உரிப்புக்கென்று தனியாக ஒரு சிறிய தொட்டி வைப்பது, இந்த முறையில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒரே முதலீடு என்று நான் கருதுகிறேன்.

இன்னும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சயனைடு துத்தநாகக் கரைசலில் பூசிய பாகங்கள், குறிப்பாகக் குழாய்களும் குழிவுள்ளவையும், சரிவரக் கழுவப்படாமல் எந்த அமிலத்துக்குள்ளும் போகக் கூடாது. உள்ளே தங்கிய சயனைடு அமிலத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். அது ஆளைக் கொல்லும்.

## கந்தக அமிலம்

புகை இல்லை என்பதற்காகவே பலர் இதை நாடுகிறார்கள். மூடிய கொட்டகைக்குள், ரெக்டிஃபையருக்கு அருகில் வேலை செய்பவர்களுக்கு அது நியாயமான காரணம்தான். 10 சதவீதக் கரைசல் துத்தநாகத்தை அறை வெப்பநிலையிலேயே கரைக்கும். ஆனால் அடியில் துருவோ செதிலோ இருந்தால் 50 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். சூடாக்கியதும் எஃகும் வேகமாகக் கரையும், கரும்படிவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிடக் கூடுதலாக வரும், மேற்பரப்பும் சொரசொரப்பாகும். துரு இல்லாத, மென்மையான எஃகில், பூச்சை மட்டும் எடுக்க வேண்டியிருந்தால், சூடாக்காமலே இதைப் பயன்படுத்துவது நல்ல தேர்வு.

ஈயம் கலந்த கடைசல் எஃகுக்கு இதைத் தொடவே கூடாது. தானியங்கிக் கடைசல் எந்திரங்களில் செய்யும் நிப்பிள், புஷ், ஸ்டட் போன்ற பல பாகங்கள் இந்த வகை எஃகில் வருகின்றன. ஈயம் கந்தக அமிலத்தில் கரையாத ஈய சல்ஃபேட்டாக மாறி மேற்பரப்பில் சாம்பல் நிறப் படலமாகத் தங்கிவிடும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத அந்தப் படலம், முலாம் ஏறிய பிறகு கொப்புளமாக வெளிப்படும். ஒரு வாடிக்கையாளரின் சரக்கில் மட்டும் தொடர்ந்து கொப்புளம் வந்து, அதே தொட்டியில் மற்றவர்களின் சரக்கு நன்றாக இருந்தால், எஃகின் தரச் சான்றிதழைக் கேட்டு வாங்கி ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டும்.

98 சதவீத அமிலத்தைக் கலக்கும்போது கடும் வெப்பம் எழும் என்பதால், எப்போதும் தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

## காஸ்டிக் கரைசல்

துத்தநாகம் அமிலத்தில் மட்டுமல்ல, காரத்திலும் கரையும். எஃகு காரத்தில் கரையாது. இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் இந்த முறை நிற்கிறது. லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் காஸ்டிக் சோடா உள்ள சூடான கரைசலில் பாகத்தைப் போட்டுவிட்டு மறந்துவிட்டாலும் எஃகுக்கு அரிப்பு வராது. கரும்படிவு இல்லை, அளவு மாற்றம் இல்லை, பளபளப்பு குறைவதில்லை. நேர்த்தியாகச் சாணை பிடித்த பரப்புகளுக்கும் நுண்ணிய மரைகளுக்கும் இது ஒரு வரம்.

ஆனால் இதிலே பரவலாக உள்ள ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். காஸ்டிக்கில் உரித்தால் ஹைட்ரஜன் நொறுமை வராது என்று பலர் பொதுவாகச் சொல்கிறார்கள். வெறுமனே ஊறவைத்தால் அது உண்மையில்லை. காரத்தில் கரையும் துத்தநாகமும் ஹைட்ரஜனை எழுப்புகிறது. எஃகைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அந்த ஹைட்ரஜன் எஃகின் பரப்பில்தான் எழுகிறது. காரத் துத்தநாகத் தொட்டிகளில் துத்தநாகத்தை எஃகுக் கூடைகளில் போட்டுக் கரைப்பதே இந்த இயல்பைப் பயன்படுத்தித்தான். கடின எஃகுக்குப் பாதுகாப்பு வேண்டுமானால், பாகத்தை ரெக்டிஃபையரின் நேர்மின்வாயில் இணைத்து மின்னோட்டம் கொடுத்தே உரிக்க வேண்டும். அப்போது பாகத்தின் மேல் ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் எழும். எஃகு செயலற்ற நிலைக்குப் போய், கரையாமல் நிற்கும்.

இதற்கு ரேக்கில் உறுதியான தொடர்பு வேண்டும். பேரலில் பாகங்கள் உருளும்போது தொடர்பு விட்டுவிட்டு அமைவதால், தொடர்பற்ற கணங்களில் மறுபடி ஹைட்ரஜன் எழும். ஆகவே நேர்மின்வாய் உரிப்பின் பலன் பேரலில் முழுமையாகக் கிடைப்பதில்லை. இன்னொரு எச்சரிக்கை குளோரைடு பற்றியது. ஹைட்ரோகுளோரிக் தொட்டியிலிருந்தோ குளோரைடு முலாம் தொட்டியிலிருந்தோ சரிவரக் கழுவாமல் பாகங்கள் வந்துகொண்டிருந்தால், காஸ்டிக்கில் குளோரைடு சேர்ந்து, நேர்மின்வாயில் உள்ள எஃகின் செயலற்ற படலத்தை அங்கங்கே உடைத்து, குழிகளைத் தோண்டும். எஃகு கரையாத முறையில் குழி வருகிறதே என்று குழம்பும் இடம் இதுதான்.

காஸ்டிக் துருவை எடுக்காது. உரித்த பிறகு துரு தெரிந்தால் வேறு வழியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேகமும் குறைவு, கனமான பூச்சுக்கு நேரம் கூடும். வழுவழுப்பான கரைசல் என்பதால் கழுவும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். உரித்த காஸ்டிக்கைக் காரத் துத்தநாக முலாம் தொட்டியில் ஊற்றி மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனை எழக்கூடும். பாசிவேஷனின் குரோமியம் அதில் இருப்பதால் அது முலாம் தொட்டியையே கெடுத்துவிடும்.

## பிளாஸ்டிங்

அலுமினா துகளையோ கண்ணாடி மணியையோ காற்றழுத்தத்தில் வீசிப் பூச்சைச் சுரண்டுவது. ஹைட்ரஜன் இல்லை, திரவக் கழிவு இல்லை, இடுக்கில் தங்கும் கரைசல் இல்லை. துத்தநாகம் மென்மையானது என்பதால் சில இடங்களில் பெயராமல் தேய்ந்து அப்பிக்கொள்ளும். அந்த இடங்களைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். மரைகளின் முனை மழுங்கும், மெல்லிய தகடு வளையும், பளபளப்புக் கேட்கும் பாகத்தில் மறுபடி பூசினாலும் மங்கலாகத்தான் வரும். ஆனால் வார்ப்பிரும்புக்கும், எஃகிலேயே லேசான குழி விழுந்த பாகங்களுக்கும் இதற்கு இணை இல்லை.

ஆற்று மணலையோ குவார்ட்ஸ் மணலையோ இதற்குப் பயன்படுத்தக் கூடாது. சிலிக்காத் தூசு நுரையீரலில் சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். எந்த மருத்துவமும் நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. தூசு சேகரிப்பானில் குவியும் நுண்ணிய துத்தநாகத் தூளும் தீப்பற்றக்கூடியது என்பதால், பக்கத்தில் வெல்டிங் கூடாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஹைட்ரோகுளோரிக் | கந்தக அமிலம் | காஸ்டிக், நேர்மின்வாய் | பிளாஸ்டிங் |
|---|---|---|---|---|
| கடின எஃகு | தவிர்க்கவும் | தவிர்க்கவும் | ரேக்கில் ஏற்றது | ஏற்றது |
| இடுக்குள்ள பாகம் | எச்சம் வழியும் | ஓரளவு எச்சம் | நன்கு கழுவினால் குறைந்த தீங்கு | இடுக்கினுள் எட்டாது |
| மரை, நுண்ணளவு | நேரம் தவறினால் கேடு | நேரம் தவறினால் கேடு | மிக ஏற்றது | ஏற்றதல்ல |
| அடியில் துரு | எடுக்கும் | சூடாக்கினால் எடுக்கும் | எடுக்காது | எடுக்கும் |
| ஈயம் கலந்த எஃகு | குறுகிய நேரம் மட்டும் | கூடாது | ஏற்றது | ஏற்றது |
| வார்ப்பிரும்பு | கரும்படிவு | கூடுதல் கரும்படிவு | ஏற்றது | மிக ஏற்றது |
| சிறு பாகம், பேரல் | எளிது | எளிது | பலன் குறைவு | உருட்டு எந்திரம் வேண்டும் |

## கழிவுக் கணக்கு

துத்தநாகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.14 கிராம். 8 மைக்ரான் பூச்சுள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பில் இருப்பது சுமார் 57 கிராம் துத்தநாகம். அதைக் கரைக்கத் தேவையான தூய ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 64 கிராம். 30 சதவீத அமிலமாகக் கணக்கிட்டால் 210 கிராம் அளவில் வரும். கந்தக அமிலம் என்றால் 86 கிராம், காஸ்டிக் என்றால் 70 கிராம். இந்த மூன்றுமே செலவுப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத சிறு தொகைகள். ரசாயன விலையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் இல்லை என்று சொன்னது இதனால்தான். மின்சாரம் இல்லாமல் கரைக்கும்போது அந்த ஒரு சதுர மீட்டரிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு சுமார் 21 லிட்டர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காற்றோட்டம் ஏன் தேவை என்பதும், கடின எஃகை ஏன் காக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

செலவு கூடுவது கரைந்த துத்தநாகத்தைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும்போதுதான். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு இந்தியாவின் பொதுத் தர அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம் துத்தநாகம்; பிஎச் 5.5க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும். துத்தநாக ஹைட்ராக்சைடு பிஎச் 9ஐ ஒட்டி நன்றாகப் படியும். 11ஐத் தாண்டினால் மறுபடி கரைந்துவிடும். அமில உரிப்புக் கழிவில் சுண்ணாம்போ காஸ்டிக்கோ சேர்த்து மேலே ஏற்ற வேண்டும். காஸ்டிக் கழிவிலோ அமிலம் சேர்த்துக் கீழே இறக்க வேண்டும். இரண்டு வகைக் கழிவும் ஒரே பட்டறையில் இருந்தால் ஒன்றை மற்றொன்றால் நடுநிலையாக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மஞ்சள் பாசிவேஷன் போட்ட சரக்காக இருந்தால், அதிலுள்ள நச்சு மிகுந்த அறுமதிப்பு குரோமியத்தை முதலில் பிஎச் 2க்கும் 3க்கும் இடையில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டால் மும்மதிப்பு வடிவத்துக்கு மாற்றிய பிறகே அந்தக் கலவையைச் செய்ய வேண்டும். இந்தப் படியில் காஸ்டிக் முறை பின்தங்குகிறது. காரமான கழிவை முதலில் அமிலமாக்கி, பிறகு மறுபடி பிஎச் 9க்கு ஏற்ற வேண்டியிருப்பதால் இருமுறை ரசாயனம் செலவாகும்.

மின்முலாம் தொழில் மாசுக் கட்டுப்பாட்டு வகைப்பாட்டில், மாசு மிகுந்த தொழில்களுக்கான சிவப்பு வகையைச் சேர்ந்தது. தீர்ந்த அமிலமும் சேறும் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருபவை. ஆகவே உரிப்பு எத்தனை முறை நடக்கிறதோ, அத்தனை முறை அகற்றுவதற்குப் பணம் கட்டும் சேறு உற்பத்தியாகிறது. பாசிவேஷனை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் உள்ள சரக்கை உரிக்காமல் விடுவதே கழிவில் மிகப் பெரிய மிச்சம்.

## எந்தச் சரக்குக்கு எது?

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பம்பு உதிரிபாகங்களைப் போன்ற சாம்பல் வார்ப்பிரும்புச் சரக்குக்கு பிளாஸ்டிங்கையே பரிந்துரைக்கிறேன். வார்ப்பிரும்பை அமிலத்தில் இறக்கினால் இரும்பு கரைந்து கிராஃபைட் வெளியே நிற்கும். அதன் மேல் காரத் துத்தநாகக் கரைசலும் சயனைடு கரைசலும் சரியாகப் படியாமல் வெறும் ஹைட்ரஜனை எழுப்பிக்கொண்டிருக்கும். அமிலத்தில் ஏற்கனவே பலமுறை இறங்கிவிட்ட வார்ப்பிரும்பாக இருந்தால், பிளாஸ்டிங் செய்துவிட்டுக் குளோரைடு துத்தநாகத் தொட்டியில் பூசுவது நல்லது.

மென்மையான எஃகில் அழுத்தி எடுத்த பிராக்கெட், கிளாம்ப், சாதாரண வாஷர் ஆகியவற்றுக்கு, தனித் தொட்டியில் வைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலமே போதுமானது; இங்கே காஸ்டிக்குக்காக நேரத்தையும் சூட்டையும் செலவிடத் தேவையில்லை. கொட்டகையில் காற்றோட்டம் போதாமல் இருந்து, சரக்கில் துருவும் இல்லையென்றால், கந்தக அமிலத்துக்கு மாறலாம். வெல்டிங் சந்துகள் உள்ள சரக்கில் எனக்கு முழு நிறைவு தரும் வழி எதுவும் இல்லை. இருப்பவற்றில் காஸ்டிக்கும், அதைத் தொடர்ந்து சூடான தண்ணீரில் நீண்ட கழுவலும் குறைந்த தீங்கு தருபவை. சந்தில் வடிகால் துளை வைக்க முடியுமா என்று வடிவமைப்பவரிடம் கேட்பது அதைவிடப் பயன் தரும்.

12.9 போல்ட்டுகளையும் சுருள்வில்களையும் பொறுத்தவரை தேர்வுக்கே இடமில்லை: ரேக்கில் நேர்மின்வாய்க் காஸ்டிக், அல்லது வடிவம் இடம்கொடுத்தால் பிளாஸ்டிங். மறுபடி பூசிய பிறகு 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, 190 முதல் 220 டிகிரி செல்சியஸில், கடினத்தைப் பொறுத்து 8 முதல் 24 மணி நேரம் வரை சூடாக்க வேண்டும். எஃகைப் பதப்படுத்தியபோது கொடுத்த டெம்பரிங் வெப்பநிலையைத் தாண்டக் கூடாது. பாசிவேஷன் அதற்குப் பிறகுதான், ஏனெனில் அந்தப் படலம் இந்தச் சூட்டைத் தாங்காது. உள்ளே ஏற்கனவே விரிசல் விழுந்திருந்தால் எத்தனை மணி நேரம் சூடாக்கினாலும் அந்த விரிசல் மூடாது. அதனால், யாரோ ஏற்கனவே அமிலத்தில் உரித்துவிட்டார்கள் என்று தெரிந்த கடினமான பாதுகாப்புப் பாகங்களை, குறிப்பாக வாகனப் பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் போகக்கூடியவற்றை, மறுபூச்சுக்கு எடுத்துக்கொள்ளாமல் கழித்துவிட வேண்டும் என்றே வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எந்த வழியில் உரித்திருந்தாலும் முலாம் தொட்டிக்குப் போகும் முன் இரண்டு சோதனைகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கழுவிய பாகத்தை அரை நிமிடம் தூக்கிப் பிடித்தால் தண்ணீர்ப் படலம் எங்கும் பிளவுபடாமல் முழுப் பரப்பிலும் நிற்க வேண்டும்; பிளந்தால் எண்ணெயோ தடுப்பானோ இன்னும் ஒட்டியிருக்கிறது. பிறகு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். துணியில் கருமை ஒட்டினால் அந்தப் பாகம் எலக்ட்ரோகிளீனருக்குத் திரும்ப வேண்டும். மறுபடி அமிலத்துக்கு அல்ல.